காப்பாத்து, பாத்துக்கோ

அக்காவை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவளுடைய வலது கைக் கட்டைவிரல்தான். மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். விரலுக்கு 3 என்று 12 கணு, அதில் 9 சுற்று வந்தால் 108 முறை முருகன் பெயர். ஜெபமாலை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "மாலைன்னா எல்லாருக்கும் தெரியும். விரல்னா எனக்கும் அவனுக்கும் மட்டும்தான்" என்றாள். பேருந்துக்கு நிற்கும்போதும் அந்த விரல் ஓடும். எனக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும்போதும் ஓடும். அம்மா போனபோது எனக்கு 6 வயது, அக்காவுக்கு 17. அப்புறம் எனக்கு அம்மாவும் அவள்தான்.

அவளுடைய 54ஆவது வயதில் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்த அன்றே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அந்த நோய் பெரும்பாலும் அப்படித்தான், ஆரம்பத்தில் பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. முதுகுவலி, அஜீரணம் என்று நாமும் விட்டுவிடுவோம். அதன்பிறகு 7 மாதம் இருந்தாள். அந்த 7 மாதமும் அதற்குப் பிந்திய காலமும் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன். இதே நிலையில் இன்றைக்கு யாராவது மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம்.

நான் பக்தி இல்லாதவன் இல்லை. நோய் தெரிந்ததும் என் பக்தி பத்து மடங்கானது. விரதம் இருந்தேன், வேண்டுதல் மேல் வேண்டுதல் வைத்தேன், பிடித்ததையெல்லாம் விட்டேன். எல்லாவற்றிலும் நான் முருகனிடம் சொன்னது ஒரே வார்த்தை: காப்பாத்து. மாதம் ஒருமுறை சி.ஏ. 19-9 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். இந்த நோயின் போக்கைக் கணிக்கப் பார்க்கிற எண் அது. எனக்கு அந்த எண்தான் முருகனின் பதில். இறங்கினால் கேட்டுவிட்டான் என்று அர்த்தம். ஏறினால் என் வேண்டுதலில் ஏதோ குறை என்று இன்னொரு விரதத்தைச் சேர்த்துக்கொள்வேன். ரிப்போர்ட் வரும் நாளில் கைபேசியைத் திறக்கவே கை நடுங்கும்.

இப்போது யோசித்தால், அப்போது நான் செய்ததைப் பேரம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் இதைத் தருகிறேன், நீ அவளைத் தா. பேரத்தில் இருக்கிறவனுக்கு எதிரே இருப்பவர் முகம் கண்ணில் படாது. எனக்கு அக்காவின் முகமும் படவில்லை.

நான்காம் மாதம், கீமோ முடிந்து வந்த ஒரு சாயங்காலம், "தம்பி, நான் போனப்புறம்" என்று ஆரம்பித்தாள். "அபசகுனமா பேசாதேக்கா. முருகன் கைவிட மாட்டான்" என்று சட்டென்று சொன்னேன். பேசாமல் இருந்துவிட்டாள், விரல் மட்டும் ஓடியது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் தொடங்கினாள், மறுபடியும் தடுத்தேன். மூன்றாம் முறை அவள் என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அக்காவுக்கு உங்ககிட்ட என்னவோ பேசணுமாம். நீங்க பேச விட மாட்டேங்கிறீங்களாம்" என்றாள்.

அந்த வராந்தாவில் நின்ற நிமிஷத்தை மறக்க முடியவில்லை. சாகப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் இருப்பதற்காக அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள். நான் நம்பிக்கை என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் வாயைத்தான் அடைத்திருந்தது.

உள்ளே போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுக்கா, தடுக்க மாட்டேன்" என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினாள், நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினாள். கடைசி நேரத்தில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைக்கக் கூடாது, வீட்டில்தான் இருக்க வேண்டும். மகள் படிப்பை முடிக்கும் வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. அத்தானுக்கு எந்தக் கணக்கு எந்த வங்கியில் என்று எதுவும் தெரியாது, கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்புறம், 9 வருஷமாகப் பேச்சே இல்லாத நாத்தனாருக்கு ஒரு போன் போட்டுத் தர வேண்டும். போட்டுக் கொடுத்தேன். பேசியது ஐந்து நிமிஷம் இருக்கும். பாதி நேரம் இரண்டு பக்கமும் அழுகைதான். போனை வைத்ததும் அக்கா முகத்தைப் பார்த்தேன். அந்த மாதத்தில் எந்த மருந்தும் அவளுக்கு அப்படி ஒரு முகத்தைக் கொடுக்கவில்லை.

கடைசியாக என்னைப் பற்றிச் சொன்னாள். "நீ அவன்கிட்ட காப்பாத்து காப்பாத்துன்னு கேக்குறதை நிறுத்து தம்பி. அவனுக்குக் காது கேக்கும். பாத்துக்கோன்னு மட்டும் சொல்லு, போதும்."

கேட்டபோது அது ஆறுதலாக இல்லை, தோற்றுவிட்ட மாதிரிதான் இருந்தது. பாத்துக்கோ என்று சொன்னால் அவளை விட்டுவிட்டதாக ஆகிவிடுமே என்று பயம். அன்றைக்கு ராத்திரி சொல்லிப் பார்த்தேன், தொண்டையிலேயே நின்றது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வாயிலிருந்து முழுசாக வந்தது. காப்பாத்து என்று சொல்லும்போது முடிவை நானே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தேன். பாத்துக்கோ என்று சொன்னபோது என் கையில் காகிதமே இல்லை. அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினேன்.

அதற்கப்புறம் டாக்டரிடம் நான் கேட்ட கேள்வியும் மாறியது. அதுவரை "எத்தனை நாள் டாக்டர்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அன்று, "இந்தச் சிகிச்சை எதுக்காக? குணமாக்கவா, நாளை நீட்டிக்கவா, வலியைக் குறைக்கவா?" என்று கேட்டேன். குணமாக்க அல்ல என்று நேராகவே சொன்னார். "அப்போ அவளுக்கு வலி இல்லாம இருக்க என்ன செய்யணும்?" என்றேன். வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். இந்தக் கேள்விகளை முதல் மாதமே கேட்டிருக்கலாம். அந்தப் பிரிவுக்குப் போவதென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. வழக்கமான சிகிச்சையோடு இந்தப் பராமரிப்பையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாகவே நடந்தன. அப்படியிருந்தும் அவர்கள் மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். நோய்க்கு நோய் கணக்கு மாறும். ஆனால் இந்தப் பராமரிப்பு ஆயுளைக் குறைத்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

மார்ஃபினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பார்க்க வந்த ஒரு பெரியவர், வலி என்பது போன ஜென்மத்து வினை, அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும், மருந்து கொடுத்துத் தடுக்கக் கூடாது என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள், அடிமையாகிவிடுவார்கள் என்று இன்னொரு பக்கம் பேச்சு. வலியின் அளவுக்கு ஏற்றபடி, விஷயம் தெரிந்த மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை. மலச்சிக்கலைத்தான் உண்டாக்கும். அதனால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, முதல் வாரம் அக்கா அதனால் தனியாகப் பட்டாள்.

மருந்து சரியாக அமைந்த மறுநாள் காலையில் அக்கா சொன்னது: "இன்னிக்குத்தான் தம்பி அவனை நினைக்க முடிஞ்சுது. இவ்வளவு நாள் வலியைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

இந்த வலி தணிப்புச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிவைத்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாகத் தொடங்கி, சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்கும் படித்தவர். சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்க 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். உடல் வலி, மன வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, ஆன்மாவின் தவிப்பு ஆகிய நாலும் சேர்ந்ததுதான் சாகிறவரின் மொத்த வலி என்று சொன்னவர் அவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர், வலிக்கு மணி பார்த்து மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று போராடியவரும் அவரேதான். தெய்வத்தை நம்புவதும் மருந்தை நம்புவதும் ஒரே மனுஷியிடம் அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது.

கடைசி வாரத்தில் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று வலி தணிப்பு டாக்டர் எங்களை உட்காரவைத்து முன்கூட்டியே விளக்கினார். அதற்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன், ஏனென்றால் எல்லாம் அவர் சொன்னபடியேதான் வந்தது. முதலில் சாப்பாடு நின்றது. பிறகு தண்ணீரும் வேண்டாம் என்றாள். பட்டினி போடுகிறோமே என்று அத்தான் துடித்தார். சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு நெருங்குவதால் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டாயப்படுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டிருந்தோம். கை கால் சில்லிட்டு, முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக வந்தது. தொண்டையில் சளி குறுகுறுவென்று சத்தம் போட்டது. கேட்பவர்களுக்குத்தான் அது பயம், அவர்களுக்கு அநேகமாகத் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறைகிறது. மூச்சு வேகமாக வந்து, மெதுவாகி, அரை நிமிஷம் நின்று, மறுபடியும் வரும். செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று இதற்குப் பெயர். 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த இரண்டு டாக்டர்களின் பெயர் அது. பெயர் தெரிந்தால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். மூச்சு நின்ற அந்த அரை நிமிஷத்தில், இது காலம்காலமாக மனிதர்கள் போகிற வழிதான், இவளுக்கு மட்டும் எதுவும் தவறாக நடக்கவில்லை என்று நினைக்க எனக்கு அந்தப் பெயர் உதவியது.

நினைவு தப்பிய பிறகும் கட்டைவிரல் ஓடியது. கண் மூடியிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, விரல் மட்டும் கணுக் கணுவாகப் போகிறது. பிறகு ஒரு கணுவிலேயே நின்று நின்று நகர்ந்தது. நான் என் கையை அவள் கைக்குள் வைத்தபோது அந்த விரல் என் விரல் கணுவைத் தொட்டு எண்ணியது.

காது கடைசி வரை கேட்கும் என்று சொல்வார்கள். 2020இல் வெளியான ஒரு ஆய்வில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், நினைவிழந்து கடைசி மணி நேரங்களில் இருந்த சிலருக்கு ஒலிகளைக் கேட்கவைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். சிலருடைய மூளை, நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே அந்த ஒலிகளுக்குப் பதில் காட்டியது. சொன்னது புரிந்ததா என்று அந்த அலைகளால் சொல்ல முடியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. பேசினேன்.

என்ன பேசுவது? மன்னித்துவிடு என்றேன், பேச விடாமல் தடுத்ததற்காக. நன்றி என்ற சொல் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல், அதனால் நன்றி சொல்லாமல் அவள் செய்ததையெல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்து முதல் நாளில் வாசலில் கடைசி மணி வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். மகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். கடைசியில் போகலாம் என்று சொல்ல வேண்டும். நர்ஸ்கள் அதைத்தான் சொல்லியிருந்தார்கள், சிலர் அதற்காகக் காத்திருப்பதுபோல இருக்குமாம். எனக்குப் போ என்று வாய் வரவில்லை. தமிழில் யாரையும் நாம் போ என்று அனுப்புவதில்லையே. "போயிட்டு வாக்கா" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. அத்தான் எதுவும் சொல்லவில்லை, பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதுவும் சொன்னதாகத்தான் அர்த்தம். எல்லாரும் வாயால் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

விடியற்காலையில் முகம் கழுவ எழுந்து போனேன். மூன்று நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது மூச்சு நின்றிருந்தது. கட்டைவிரல் நடுவிரலின் மேல் கணுவில் இருந்தது. அந்த மூன்று நிமிஷத்துக்காக மாசக்கணக்கில் என்னையே தின்றுகொண்டிருந்தேன். பிறகு அந்த நர்ஸ் பெண்தான் போனில் சொன்னாள், நாள் முழுக்கக் கூடவே இருந்தவர் எழுந்து போன நிமிஷத்தில் போகிறவர்களை அவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்களாம். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், தயவுசெய்து உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

பாத்துக்கோ என்று சொல்லப் பழகிவிட்டேனே, அப்புறம் எல்லாம் சாந்தமாகிவிட்டதா என்றால் இல்லை. அடுத்த நான்கு மாதம் என்னால் சாமி கும்பிட முடியவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமே பார்க்கப் பிடிக்கவில்லை. நம்புகிறவன் அழலாமா என்று சிலர் கேட்டது அதற்குமேல் குத்தியது. "நல்லவங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்றார்கள். அவள் மகள் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ எங்கம்மா கொஞ்சம் கெட்டவளா இருந்திருக்கலாம் மாமா" என்று என் தோளில் விழுந்து அழுதாள். துக்கத்துக்குப் போகிறவர்கள் காரணம் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. வந்து உட்கார்ந்து, போனவரைப் பற்றித் தங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். அக்காவோடு வேலை பார்த்த ஒரு அம்மா, தன் பிரசவத்தன்று அக்கா வார்டுக்கு வெளியே உட்கார்ந்து விரல் எண்ணிக்கொண்டிருந்ததைச் சொன்னார். அது அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

அழுகை பற்றி என்னைத் தெளியவைத்தது ஒரு இஸ்லாமிய நண்பர். நபிகள் நாயகம் தம் கைக்குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும்போது அழுதாராம். நீங்களுமா என்று தோழர் ஒருவர் கேட்டபோது, இது கருணை என்றாராம். கண் அழுகிறது, மனம் வருந்துகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடிக்காததை நாம் சொல்ல மாட்டோம் என்றாராம். நண்பர் இதைச் சொன்னதும் இயேசு நினைவுக்கு வந்தார். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பத்தான் வந்தார், எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே வந்தார். ஆனாலும் மற்றவர்களின் அழுகையைக் கண்டு கண்ணீர் விட்டார். அவர்களே அழுதிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடியே, வீடு வரும் வரை அழுதேன். வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன்னால் நின்றேன். வார்த்தை எதுவும் வரவில்லை, நின்றேன், அவ்வளவுதான். மறுநாளும் நின்றேன்.

துக்கம் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படியாக வரும் என்று படித்துவிட்டு, நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதியது அது. சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி அவர் கண்டதை நாம் பின்னால் இருப்பவர்களின் துக்கத்துக்கும் ஏணியாக்கிவிட்டோம். எனக்கு ஒரே நாளில் ஐந்து படியும் வந்துபோகும். ஏற்றுக்கொண்டேன் என்று காலையில் நினைத்தால், சாயங்காலம் அவள் கண்ணாடிக் கூட்டைப் பார்த்ததும் எல்லாம் சரிந்துவிடும். துக்கத்தை ஆராய்ந்தவர்கள் பிற்பாடு, 1990களில், போனவரோடு உறவை அறுத்துக்கொள்வதுதான் நலம் என்ற பழைய எண்ணத்தையே கைவிட்டார்கள். உறவு வேறு விதத்தில் தொடரலாம், அது நோயல்ல என்றார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பிடியை விட்டேன், ஆளை விடவில்லை. இப்போதும் மனசுக்குள் அக்காவிடம் பேசுகிறேன்.

அத்தான் விஷயம் வேறு. 8 மாதம் ஆன பிறகும் அவரால் குளிக்க எழுந்திருக்க முடியவில்லை, வேலைக்குப் போகவில்லை, தானும் போயிருக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சாமி கும்பிட்டால் சரியாகிவிடும் என்று நாங்கள் விட்டிருந்தால் தவறாகப் போயிருக்கும். 6 மாதத்துக்கு மேலும் துக்கம் இப்படி ஆளை முடக்கிப்போட்டால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ மாதக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வாரம் ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வந்தார். இப்போது வங்கிக் கணக்கெல்லாம் அவரே பார்க்கிறார்.

போன வாரம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். அவன் அப்பா மருத்துவமனையில், கடைசிக் கட்டம். எந்தச் சாமிக்கு என்ன வேண்டிக்கொண்டால் பிழைப்பார் என்று கேட்டான், குரல் உடைந்திருந்தது. வேண்டிக்கோ என்றேன். அப்புறம், "அப்பா ஏதாவது பேசணும்னு சொன்னாராப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நாலு நாளா என்னவோ சொல்ல வர்றார்ணா. தெம்பு வேணும், பேசாதீங்கப்பான்னு நாங்கதான் தடுக்கிறோம்."

"இப்போ எங்க இருக்கே?"

"வெளியில, வராந்தாவுல."

"உள்ளே போ" என்றேன். போனை வைக்காமலே நடக்கும் சத்தமும், கதவு திறக்கும் சத்தமும், "அப்பா" என்று அவன் கூப்பிடுவதும் கேட்டது. நானே துண்டித்தேன்.